பீரங்கி இல்லாத கரை

குருசுக்குப்பம் புதுச்சேரிக் கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த இடம். இன்று சர்தார் வல்லபபாய் பட்டேல் சாலை எனப்படும் வடக்கு புல்வார், பழைய மதில் நின்ற தடத்தில் போடப்பட்டது. அதைத் தாண்டி வடக்கே, கடலை ஒட்டிக் குப்பம் தொடங்குகிறது. மதில் போனபின் உள்ளே, வெளியே என்ற பேதமும் போயிற்று. நகரம் முழுவதுமே குப்பத்தைப் போலத் திறந்த கரையாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சிந்தியா, பிரான்சின் சரணாகதியை ஏற்காத தெகோல் பக்கம் சேர்ந்ததற்கு ஆளுநர் லூயி போன்வேனின் நாட்டுப்பற்றைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த முடிவில் இந்தத் திறந்த கரைக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

பிரான்சுவா மர்த்தேன் தொடங்கிய லூயி கோட்டை 1706-இல் கட்டி முடிந்தது. 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவென் பெரும் கடற்படையோடு வந்து முற்றுகையிட்டார். கோட்டை தாக்குப்பிடித்தது, மழைக்காலம் நெருங்கியதும் அவர் திரும்பிப் போனார். 1761 ஜனவரியில் அப்படி நடக்கவில்லை. தரையை அயர் கூட் அடைத்தார், கடலை ஆங்கிலேயக் கப்பல்கள் அடைத்தன. பட்டினியில் நகரம் பணிந்தது, கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். இந்தக் கரைக்கு அலையே காவல் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். துறைமுகம் இல்லாத ஊர் இது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டுவிடும், ஆளும் சரக்கும் சலங்கில் ஏறி அலையைக் கடந்துதான் கரை சேரவேண்டும். எதிரி இறங்குவதை அலை தாமதப்படுத்தும், உண்மை. ஆனால் வெளியே நிற்கும் கப்பலை அது விரட்டாது, உள்ளே இருப்பவர்களுக்குச் சோறும் போடாது. 1814 பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு மிச்சமிருந்ததையும் முடித்துவைத்தது: இந்தியாவில் திருப்பித் தரப்படும் ஊர்களில் பிரான்ஸ் அரண் கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்குத் தேவையான சிப்பாய்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையோடுதான் 1816-இல் புதுச்சேரி மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது அங்கே பதிலுக்குச் சுடக் கரைப்பீரங்கியாவது இருந்தது. தெற்கே புதுச்சேரியில் அதுவும் கிடையாது.

1940 ஜூனில் பிரான்ஸ் சரணடைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் போன்வேன் தெகோலோடு சேர்ந்தார். அதே மாதம் 23 முதல் 25 வரை பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கரில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே கரைப்பீரங்கிகளும் ரிஷ்லியூ போர்க்கப்பலும் இருந்தன. சரணாகதிக்குப் பின் பிரான்சை ஆண்ட விஷி அரசின் ஆட்கள் பிரிட்டிஷ் கடற்படையையும் தெகோலையும் சேர்த்தே திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு பிரெஞ்சுக் காலனியான ஜிபூத்தி பிரிட்டிஷ் முற்றுகையைத் தாங்கி 1942 டிசம்பர் வரை விஷி பக்கமே நின்றது. மடகாஸ்கரின் தியேகோ சுவாரெஸை 1942 மேயில் சண்டையிட்டுத்தான் பிடிக்க முடிந்தது. புதுச்சேரியில் இப்படி முரண்டு பிடிக்க ஒரு வழியும் இல்லை: மூன்று பக்கமும் பிரிட்டிஷார் ஆண்ட தென்னார்க்காடு, வெளியே போக விழுப்புரம் ரயில், கரையில் ஒரு பீரங்கிகூட இல்லை. ஆப்பிரிக்காவின் சாடில் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவே தானாகவே தெகோலிடம் போகவில்லையா என்று மறுக்கலாம். போனார், தனிமனிதர் மனசாட்சியை நான் தள்ளிவிடவில்லை. போன்வேனின் மனமும் அந்தப் பக்கமே இருந்திருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கம் சாய நினைக்கும் ஆளுநர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும், அவர் எத்தனை நாள் நின்றிருப்பார்?

ஒரு சின்னப் படை இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பதும் நியாயமான கேள்வி. சிசிலியில் இத்தாலியின் 206-ஆம் கரைக்காவல் டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வயது கடந்த ரிசர்வ் ஆட்கள், போதாத ஆயுதம், நீண்ட கரையில் மெல்லியதாகப் பரப்பிவிட்ட காவல். 1943 ஜூலை 10 அன்று பிரிட்டிஷ் எட்டாம் படை அதன் மேல் வந்து இறங்கியதும் நொறுங்கிப்போனது. புதுச்சேரியில் ஒரு பட்டாளம் இருந்திருந்தாலும் போரில் இதே கதைதான். ஆனால் நான் பேசுவது வெற்றி தோல்வியை அல்ல, பேரம் பேசும் அவகாசத்தை. ஜிபூத்திக்குக் கிடைத்த அவகாசம் புதுச்சேரிக்கு இல்லை. சேர்ந்த பிறகு நடந்தவையும் இதையே காட்டுகின்றன. 1941-இல் சுங்க ஒன்றியம் வந்தது. பிரெஞ்சிந்தியாவின் சுங்க எல்லை பிரிட்டிஷ் இந்தியாவோடு கலந்தது. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் காக்கிநாடாவில் குண்டு போட்டன. பிரெஞ்சுக் கொடி பறந்த ஏனாம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்த வாரங்களில் வங்கக் கடலில் இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கின. ஏனாமுக்கும் காரைக்காலுக்கும் குருசுக்குப்பத்துக்கும் கடல்பக்கம் காவல் என்று ஏதாவது இருந்ததென்றால், அது பிரிட்டிஷ்காரனின் காவல்தான்.