சாதகம் (இசை)

சாதகம் என்பது இசைக் கலைஞர் ஒருவர் குரலிலோ இசைக்கருவியிலோ தேர்ச்சி பெறும்பொருட்டு நாள்தோறும் செய்யும் பயிற்சியைக் குறிக்கும். நெடுநேரம் செய்யப்படும் கடும் பயிற்சி அசுர சாதகம் எனப்படுகிறது. இந்துத்தானி இசையில் சாதகம் ரியாஸ் என வழங்குகிறது. தெரிந்த பாடலை வாசித்து மகிழ்வது சாதகம் ஆகாது. வாசிப்பில் உள்ள குறையைக் கண்டறிந்து நீக்குவதே இதன் நோக்கம் ஆகும். இக்கட்டுரை இசைக்கருவிகளில் செய்யப்படும் சாதகம் பற்றியது.

கருநாடக இசையில் படிமுறை

கருநாடக இசையின் தொடக்கப் பயிற்சிகளை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) எனக் கருதப்படுகிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என இவை படிப்படியாக அமைந்துள்ளன.

தொடக்க வரிசைகள் 15 ஆவது மேளகர்த்தா இராகமான மாயாமாளவகௌளையில் கற்பிக்கப்படுகின்றன. இந்த இராகத்தில் ச ரி க ம, ப த நி ச ஆகிய இரு பகுதிகளிலும் சுர இடைவெளிகள் ஒரே வகையில் அமைந்துள்ளன. கருநாடக இசையில் வயலினின் நான்கு தந்திகளும் ச, ப, ச, ப எனச் சுருதி சேர்க்கப்படுகின்றன. ஆகவே ஒரு தந்தியில் ச ரி க ம வாசிக்கும் விரல் வைப்பே அடுத்த தந்தியில் ப த நி ச வாசிக்கவும் பயன்படுகிறது.

ஒவ்வொரு வரிசையும் மூன்று காலங்களில் வாசிக்கப்படும். தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு முதற் காலத்தில் 1 சுரமும், இரண்டாம் காலத்தில் 2 சுரங்களும், மூன்றாம் காலத்தில் 4 சுரங்களும் அமையும். முதற் காலத்தில் திருத்தப்படாத பிழை விரைவான வாசிப்பில் பழக்கமாக ஊன்றிவிடும். எனவே மெதுவான வாசிப்பு இன்றியமையாததாகும்.

கருவிகளும் பயிற்சி முறைகளும்

* வயலின்: சுரத்தானங்களைக் காட்டும் மெட்டுகள் இல்லாமையால், ஒவ்வொரு சுரத்தையும் நீண்ட வில்லில் இழுத்துத் தம்புராவின் சுருதியோடு ஒப்பிட்டுச் சரிசெய்வர்.
* வீணை: வலக்கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தந்திகளை மீட்ட, சுண்டு விரல் பக்கத் தந்திகளில் தாளம் காட்டும். இரண்டும் இசைந்து இயங்கப் பயிற்சி தேவை.
* மிருதங்கம்: சொற்கட்டுகளைக் கையால் தாளமிட்டு வாயால் சொல்லிப் பழகிய பின்னரே கருவியில் வாசிப்பது வழக்கம்.

ஆய்வுகள்

ஆன்டர்ஸ் எரிக்சன் உள்ளிட்டோர் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1993 இல் வெளியானது. அதன்படி 18 வயதுக்குள் மிகச் சிறந்த மாணவர்கள் சராசரியாக 7,410 மணி நேரமும், அடுத்த நிலையினர் 5,301 மணி நேரமும், இசையாசிரியர் பயிற்சி பெற்றோர் 3,420 மணி நேரமும் தனியாகப் பயின்றிருந்தனர். மால்கம் கிளாட்வெல் 2008 இல் வெளியிட்ட நூலின் வழி இவ்வாய்வு "10,000 மணி நேர விதி" எனப் பரவியது. எனினும் அது 20 வயதில் ஒரு குழுவினரின் சராசரி மட்டுமே என்றும், பயிற்சி நடைபெறும் முறையே முதன்மையானது என்றும் எரிக்சன் விளக்கினார். 2019 இல் வெளியான மறு ஆய்வில் முதல் இரு நிலையினருக்கும் இடையே பயிற்சி நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே பயிற்சி நேரம் மட்டும் தேர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை எனலாம்.

உடல்நலம்

ஓய்வில்லாத பயிற்சி தசைநார் அழற்சி, தோள்வலி போன்றவற்றை உண்டாக்கக்கூடும். விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும் குவியத் தசை இசிவுக்கு நெடுங்காலம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது ஒரு காரணியாகக் கருதப்படுகிறது. அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் பிளைசர் (1928–2020) இந்நோயால் 1960களின் நடுப்பகுதியில் வலக்கை வாசிப்பை இழந்தார். பல ஆண்டுகள் இடக்கைக்கு மட்டும் அமைந்த இசையை வாசித்த அவர், சிகிச்சைக்குப் பின் 1990களில் இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார். வலி தோன்றியவுடன் பயிற்சியை நிறுத்துவதும், இடையிடையே ஓய்வு எடுப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* சரளி வரிசை
* மாயாமாளவகௌளை
* சொற்கட்டு