செங்கணத்துக் காரிகையும் குடந்தைச் சிந்தாமணியும்

அறநெறியில் நின்று ஊர்வழக்கை எதிர்கொண்டவர்கள் எனும்போது அரசரையும் துறவியரையும் எண்ணுவதே நம் வழக்கம். ஆயின் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணி இன்று அச்சேறி நம் இல்லங்களில் இருப்பதற்குக் காரணமானவர்கள் ஒரு கல்லூரித் தமிழாசிரியர், ஒரு நீதிமன்ற அலுவலர், குடந்தையில் வாழ்ந்த சில சமண இல்லறத்தார் ஆகியோரே. இவர்களுள் எவரும் படைகொண்டு போராடவில்லை, மேடையேறி முழங்கவுமில்லை. தத்தம் நிலையில் நின்று, சரியெனத் தோன்றியதைப் பிறர் சொல்லுக்கு அஞ்சாமற் செய்தனர். அந்த வரலாற்றின் முதல் ஏடுகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் எழுதப்பட்டன.

சோழன் அவையில் எழுந்த தடை

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய ஊர். அநபாயச் சோழன் சிந்தாமணியின் இலக்கியச் சுவையில் ஈடுபட்டிருந்தான் என்றும், அதினின்று அவன் மனத்தைத் திருப்பவே அமைச்சர் சேக்கிழார் பெரியபுராணம் இயற்றினார் என்றும் சைவ மரபு கூறும். அநபாயனை இரண்டாம் குலோத்துங்கன் என்பர் வரலாற்றாசிரியர்.

இச்செய்தி இருவகையில் கருதத்தக்கது. சைவ மன்னன் ஒருவனும் விரும்பிக் கேட்கும் பெருமை சிந்தாமணிக்கு இருந்தது என்பது ஒன்று. அக்காவியத்தைச் சைவர் பயிலலாகாது என்னும் எண்ணம் அக்காலம் முதலே வேரூன்றியது என்பது மற்றொன்று. அவ்வெண்ணம் ஏழு நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ப் புலவர்கள் அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் தலபுராணங்களும் பயின்றனர். சிந்தாமணியின் பெயரை அறிந்தவரே சிலர்.

குன்னமும் செங்கணமும்

உ. வே. சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். புராணப் பிரசங்கம் செய்து வாழ்ந்தவர். ஆதரிப்பாரைத் தேடி அக்குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. அரியலூரிலும் குன்னத்திலும் அச்சிறுவனின் இளமை கழிந்தது.

அரியலூரில் சடகோப ஐயங்கார் அவருக்குத் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். அந்தணச் சிறுவன் வடமொழி கற்கவேண்டும், அன்றேல் ஆங்கிலம் கற்று உத்தியோகம் தேடவேண்டும் என்பதே அக்காலத்தார் கருத்து. தந்தையாரோ மகன் இசையில் தேறவேண்டுமென விரும்பினார். சோற்றுக்கே முட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்து, பொருள் வரவுக்கு வழிகாட்டாத தமிழையே அச்சிறுவன் பற்றிக்கொண்டது முதல் துணிவு.

பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்னும் தமிழறிஞர் இருந்தார். பிறர்க்குப் பாடஞ்சொல்வதைக் கடமையாகக் கொண்ட அவரிடம் சாமிநாதையர் யாப்பருங்கலக்காரிகையைக் கற்றார். காரிகை இயற்றிய அமிதசாகரர் சமண முனிவர் என்பதை நம்மவர் அறிவர். தமிழில் செய்யுளியற்ற விரும்புவோர் எச்சமயத்தாராயினும் அந்த அருகனடியாரின் நூலையே நாடினர். தமிழிலக்கணம் பயில்வோர் பவணந்தி முனிவரின் நன்னூலையே முதலிற் கையிலெடுத்தனர். இலக்கணம் என்றால் சமணர் நூல் வேண்டும், காவியம் என்றால் வேண்டா என்பது அக்காலத்து விந்தையான வழக்கு. அவ்வழக்கை உடைக்கவிருந்தவர் செங்கணத்தில் காரிகை கற்றதும் பொருத்தமே.

பின்னர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகி, திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்தார். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

ஒரு வினா

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், குடந்தையில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் கண்டார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் பயின்ற சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் மகிழவில்லை. இவற்றிற்கு மூலமான பழைய நூல்களைப் பயின்றதுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரிடம் விடையில்லை.

பலர் அவ்விடத்தே சினங்கொண்டு அகன்றிருப்பர். மகாவித்துவானின் மாணவர், கல்லூரி ஆசிரியர் என்னும் பெருமைகள் இருந்தும், தாம் கல்லாதது கல்லாததே என ஐயர் ஒப்பினார். முதலியார் கொடுத்த பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். தமிழ் தெரிந்தும் நூல் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகளும் மரபுச் சொற்களும் அறியாமல் நச்சினார்க்கினியர் உரையையும் கடக்க இயலவில்லை.

சமண இல்லத்தின் வாயிலில்

புலமையால் ஊகித்துப் பொருள் எழுதுவது ஒரு வழி. அந்நூலைத் தம் சமய நூலாகப் போற்றுவோரிடமே சென்று கற்பது மற்றொரு வழி. ஐயர் இரண்டாவதைத் தேர்ந்தார். சைவ மடத்தில் பயின்ற அந்தணர் ஒருவர் சமண இல்லம் சென்று, மாணவராய் அமர்ந்து சமயப் பொருள் கேட்பது அக்காலத்து வழக்கமன்று.

குடந்தையில் சந்திரநாத செட்டியார் என்னும் சமணப் பெரியவர் இல்லத்திற்கு ஐயர் சென்றபோது அங்கே ஒரு விழாக்கோலம் காணப்பட்டது. காரணம் வினவியபோது, பல மாதங்களாக நிகழ்ந்துவந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவுறுகிறது என்றனர். ஐயருக்கு அது பெருவியப்பாயிற்று. புலவருலகம் மறந்திருந்த காவியம் ஓர் இல்லறத்தார் வீட்டில் நாள்தோறும் ஓதப்பட்டு, பொருள் சொல்லப்பட்டு, வழிபாட்டுடன் நிறைவு செய்யப்பட்டு வந்தது. வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற பெரியோர்கள் அவர் ஐயங்களை அகற்றினர். அவருடைய ஆர்வத்தைக் கண்டு, அவரைப் பவ்ய ஜீவன் என்றே சமணர்கள் பாராட்டினர். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர் என்னும் அச்சொல்லினும் உயர்ந்த பட்டம் நம் மரபில் யாது?

இங்கே சமணக் குடும்பங்களின் துணிவையும் எண்ணல் வேண்டும். தம் சமயத்தை இகழ்ந்தும் பழித்தும் பேசிய பாடல்கள் ஊரெங்கும் ஒலிக்கக் கேட்டவர்கள் அவர்கள். அயலவர் ஒருவர் ஏட்டுடன் வந்து பொருள் கேட்கையில், இவர் எதற்கோ வந்திருக்கிறார் என ஐயுற்றுக் கதவடைத்திருக்கலாம். அவர்கள் அடைக்கவில்லை. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்துக்குச் சமயவரம்பு இல்லை என்பதைத் தம் செயலால் நிறுவினர்.

இதற்கு முன்னோடியும் உண்டு. மதுரை நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அவர் சித்தாமூர் சென்று சமண நூல்களைக் கற்று, உரையைத் திருத்தி எழுதினார் என்றும் வழிவழிச் செய்தி உண்டு. உரையாசிரியர் நடந்த பாதையிலேயே பதிப்பாசிரியரும் நடந்தார்.

எதிர்ப்பும் உறுதியும்

சிந்தாமணியின் முதல் பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை 1868-இல் பவர் என்னும் பாதிரியார் பதிப்பித்திருந்தார். பதின்மூன்று இலம்பகங்களும் 3,145 செய்யுள்களும் கொண்ட முழுநூலும் உரையும் அச்சேறவில்லை. ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கும் பணியை ஐயர் மேற்கொண்டார்.

சைவச் சூழலில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடுவது தகுமா எனக் கேட்டோர் இருந்தனர். அக்கேள்வி வெறும் பேச்சன்று. கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டியே நூல் அச்சிடவேண்டிய காலம் அது. சைவச் செல்வர்கள் முகம் திருப்பினால் அச்சுக்கூலிக்கும் வழியிராது. குடும்பத்தையே தாங்கிய மடத்தின் அன்புக்கு ஊறு நேரலாம். இவையனைத்தும் அறிந்தே ஐயர் பணியைத் தொடர்ந்தார். தம் சிவபத்தியை அவர் ஒளிக்கவுமில்லை, விடவுமில்லை. திருநீறணிந்த நெற்றியுடனே அருகதேவனைப் பாடிய காவியத்தைப் பிழையின்றித் தருவது தம் கடமை என்றார். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் அவருக்குத் தடையாக நில்லாமல் ஏட்டுப்பிரதிகள் கிடைக்க உதவியதும் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

1887-இல் சீவக சிந்தாமணி முழுமையாக வெளிவந்தது. அவ்வழியே 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும், 1924-இல் சமணப் பெருநூலாகிய பெருங்கதையும் அவரால் அச்சேறின. தமிழ்த்தாத்தா என உலகம் போற்றும் பெருவாழ்வு 1942-இல் நிறைவுற்றது. ஆயின் அதன் தொடக்கம் ஒரு சமண நூல். அந்நூலின் பொருளைத் திறந்து கொடுத்தவர்கள் சமண இல்லறத்தார்.

நமக்குரிய கடமை

தன் கொள்கையில் உறுதியாய் நிற்பவன் பிறர் கொள்கையை இகழவேண்டுவதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நம் ஆகமங்கள் அநேகாந்தம் எனக் கூறும் நோக்கு ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. சைவராகிய ஐயர் சமண இல்லத்தில் மாணவராய் அமர்ந்தபோதும், சமணர் அவருக்கு மறைக்காமல் பொருள் உரைத்தபோதும் அது நடைமுறையாயிற்று.

அன்று சந்திரநாத செட்டியார் இல்லத்தில் படனம் நிகழாதிருந்தால், ஐயரின் ஐயங்களைத் தீர்ப்பார் யார்? இன்று சிந்தாமணியின் அச்சுநூல் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதனை ஓதும் குரல் எத்தனை வீடுகளில் கேட்கிறது? பரண்களில் உறங்கும் ஏட்டுச்சுவடிகளை எடுத்துத் தூசு நீக்கி அறிஞர்களிடம் காட்டுவதும், நாளொன்றுக்குச் சில செய்யுள்களேனும் பிள்ளைகளுடன் அமர்ந்து படிப்பதும், பொருள் கேட்டு வருவோர் எவராயினும் முகமலர்ந்து உரைப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. குடந்தைப் பெரியோர் செய்ததும் அவ்வளவே. இத்திருநாளில் தொடங்கும் ஒரு படனம் அடுத்த திருநாளில் நிறைவுறுமாயின், நம் வாயில்களிலும் அன்று தோரணம் கட்டலாம்.