மாற்றீட்டு அட்டவணையும் வாக்கியச் சாரக்கட்டும்: ஹைதராபாத் ஆங்கிலக் கல்வியின் ஒரு வரலாற்றிழை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவருக்கு வாக்கியத்தின் ஒரு பகுதியை ஆசிரியரே எழுதிக் கொடுத்து, எஞ்சிய பகுதியை மாணவர் தம் கருத்தால் நிரப்புமாறு விடும் முறை 'வாக்கியச் சாரக்கட்டு' எனப்படுகிறது. கட்டடம் எழும்பும்வரை நின்று பின்னர் பிரிக்கப்படும் சாரத்தைப் போல, மாணவர் தேர்ச்சி பெற்றதும் இதுவும் விலக்கப்பட வேண்டியதாகும். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர், மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு அமைக்க முயலும் சிறு குழந்தைகளுக்குப் பெரியவர் எவ்வாறு துணைநிற்கிறார் என்பதை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட கட்டுரையின் வழியாகச் 'சாரக்கட்டு' என்னும் கலைச்சொல் கல்வியுலகில் பரவியது. எனினும் பெயர் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே செயல் வழக்கில் இருந்தது என்பதற்கு ஹைதராபாத் சிறந்த சான்று.

1918-இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகவும் ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாகவும் வைத்திருந்தது. பிற பாடங்கள் யாவும் உருதுவில் நடக்க, ஆங்கிலம் மட்டும் தனியே கற்றாக வேண்டிய மொழியாக ஒருகாலத்தில் நின்ற அந்நகரில், 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. கன்னட எழுத்தாளர் வி. கி. கோகாக் அதன் தொடக்கக்கால இயக்குநராக இருந்தார். 1972-இல் அயல்மொழிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்ட அந்நிறுவனமே 2007-இல் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்தியாவெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது 'அமைப்புமுறைக் கற்பித்தல்', அதாவது ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகப் பழக்குதல். அதன் முதன்மைக் கருவிகளுள் ஒன்று மாற்றீட்டு அட்டவணை. ஹெரால்டு பாமர் 1916-இல் இத்தகைய நூறு அட்டவணைகளை நூலாக்கியிருந்தார். முதற்பத்தியில் 'தேர் இஸ்', அடுத்ததில் 'எ புக்', 'எ பென்', 'எ பாக்ஸ்', மூன்றாவதில் 'ஆன் தி டேபிள்', 'அண்டர் தி சேர்' என்று எழுதிவிட்டால், பத்திக்கு ஒன்றாக எடுத்துக் கோக்கும் மாணவருக்குப் பிழையற்ற ஆறு வாக்கியங்கள் கிடைக்கும். வினைச்சொல்லை இறுதியில் வைத்தே பேசிப் பழகியவரும், 'எ', 'தி' போன்ற சுட்டுகள் இல்லாத மொழியில் வளர்ந்தவருமான தெலுங்கு மாணவருக்கு இது பெருந்துணை என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த ஆறில் ஒன்றைக்கூட அவர் எவருக்கும் சொல்ல விரும்பியிருக்க மாட்டார் என்பதே அதன் பெருங்குறை.

1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடங்கி, தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்த இயக்கமும் இந்த அமைப்புமுறையையே பரப்பியது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தரும் இத்தகைய அடுக்குமுறையில், அட்டவணையின் வடிவம் கைமாறும் அளவுக்கு அதன் நோக்கம் கைமாறுவதில்லை. அமைப்புமுறைக்குத் தென்னிந்தியாவிலிருந்தே வலுவான மறுப்பு எழுந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம், ரயில் அட்டவணையைப் படித்து விடை காண்பது போன்ற பணிகளில் மாணவரின் கவனம் பொருளில் ஊன்றும்போதே இலக்கணம் உள்ளே படிகிறது என்று வாதிட்டு, அமைப்புப் பயிற்சியை அறவே விலக்கியது. அதன் துணிவு போற்றத்தக்கது. ஆயினும் வாய் திறக்கவே தயங்கும் மாணவருக்கு முதல் வாக்கியத்தை யார் தருவது என்ற கேள்வியை அது போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

இன்றைய சாரக்கட்டு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அறிவியல் வகுப்பில் 'ஐ திங்க் தி வாட்டர் வில்…' என்று தொடங்கி, நடுவே 'பிகாஸ்' என்ற சொல்லை நிறுத்தி ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது, அமைப்பு ஆசிரியருடையதாகவும் ஊகமும் காரணமும் மாணவருடையனவாகவும் அமைகின்றன. சில வாரங்களில் 'பிகாஸ்' மட்டும் எஞ்ச வேண்டும். பின்னர் அதுவும் அழிக்கப்பட வேண்டும். இவ்வாறு படிப்படியாக விலக்குவதே பழைய அட்டவணையில் இல்லாத கூறு.

2022-23 கல்வியாண்டில் தெலங்கானா அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் ஆங்கிலவழி அறிமுகமாகி, தெலுங்கும் ஆங்கிலமும் இணைந்த இருமொழிப் பாடநூல்கள் வந்தபின் சாரக்கட்டின் தேவை மொழிப்பாடத்தைக் கடந்து எல்லாப் பாடங்களுக்கும் உரியதாகிவிட்டது. இருமொழி நூல் மாணவரைப் புரிந்துகொள்ளச் செய்யும். பேசவும் எழுதவும் வைக்க அது மட்டும் போதாது. ஆகவே கணிதம், அறிவியல், சமூகவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியிலும் சாரக்கட்டு அமைப்பதற்கும், அதைவிட முதன்மையாக அதை எப்போது பிரிப்பது என்பதற்கும் இடம் அளிக்கப்பட வேண்டும்.