ஒரு புள்ளி உடலெங்கும் பரவும் விதம்

ஜமேக்காவின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் பொப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தின் கீழ் தோன்றிய பாதிப்பு, ஆரம்பத்தில் காற்பந்தாட்டக் காயமாகவே கருதப்பட்டது. அது மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் என்பது 1977ஆம் ஆண்டில் தெரியவந்தது. விரலை அகற்ற அவர் இணங்கவில்லை. 1981 மே 11ஆம் திகதி தமது 36ஆவது வயதில் அவர் காலமானபோது, நோய் நுரையீரலையும் மூளையையும் எட்டியிருந்தது.

மேற்றோலின் அடித்தளத்தில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் கலங்கள் உள்ளன. இவற்றின் மரபணுக்களில் ஏற்படும் சேதங்கள் திருத்தப்படாது சேரும்போது, கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகின்றன. வெண்ணிறத் தோலினரிடத்தே சூரியனின் புறஊதாக் கதிர்களே இதற்குப் பிரதான காரணமாகும்.

பொதுவாக இப்புற்று முதலில் மேற்றோலுக்குள் பக்கவாட்டில் படர்கின்றது. மேற்றோலில் இரத்தக் குழாய்கள் இல்லையாதலால், இக்கட்டத்தில் நோய் வெளியேற வழியில்லை. கீழ்நோக்கி வளர்ந்து உட்டோலை அடைந்ததும் நிலைமை மாறுகின்றது. அங்குள்ள நிணநீர்க் குழாய்களினூடாக அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், இரத்தத்தினூடாக நுரையீரல், ஈரல், மூளை, எலும்பு ஆகியவற்றுக்கும் புற்றுக் கலங்கள் சென்று குடியேறுகின்றன. பாதத்தில் தோன்றும் புற்று பெரும்பாலும் முதலில் தொடையிடுக்கிலுள்ள கணுக்களையே நாடும்.

ஆகவே, புற்றின் அகலத்தைவிட ஆழமே முக்கியமானது. இதனை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள மெலனோமாக்களிற் பெரும்பாலானவை சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டுக் குணமாகின்றன. பரவிய நோய்க்கு, கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக நோயெதிர்ப்பு மருந்துகள் பலரது ஆயுளை நீடித்துள்ளன. எனினும் அவை எல்லோருக்கும் பயனளிப்பதில்லை.

கருநிறத் தோல் சூரிய ஒளியிலிருந்து ஓரளவு பாதுகாப்பளிக்கின்றது என்பது உண்மையே. ஆனால், அத்தகைய தோலினருக்கு மெலனோமா ஏற்படின், அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற வெயில் அதிகம் படாத இடங்களிலேயே தோன்றுகின்றது. நமக்கு இந்நோய் வராது என்ற எண்ணத்தினால் அது காலந்தாழ்த்தியே கண்டுபிடிக்கப்படுகின்றது.

வடிவமும் நிறமும் மாறிக்கொண்டிருக்கும் மச்சம், நகத்தில் அகன்றுவரும் கருங்கோடு, வாரக்கணக்கில் ஆறாத புண் ஆகியன யாவும் புற்றுநோயல்ல. எனினும் அவற்றை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. முகத்தைக் கண்ணாடியில் நாள்தோறும் பார்க்கும் நாம், உள்ளங்காலையும் இடைக்கிடை பார்த்துக்கொள்வது நன்று.