மனசுக்குள் ஒரு வீட்டு வரைபடம்

சென்ற வாரம் திருக்கோகர்ணம் கோயில் விதானத்து ராமாயண ஓவியங்களோடு நிறுத்தியிருந்தோம். காட்டுக்குப் போன ராமன் பதினான்கு வருடத்தில் ஊர் திரும்பிவிட்டான். இந்த வாரம், திரும்ப முடியாதவர்களின் ஓவியம்.

அதே திருக்கோகர்ணத்தில் இருக்கிறது புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம். தொண்டைமான் சமஸ்தானம் அதை 1910இல் தொடங்கியது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, அருங்காட்சியகம் நிலைத்தது. அதே வருடம் ஜூலையில் பாலஸ்தீனத்தின் லித்தா நகர மக்கள் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டார்கள். கொளுத்தும் வெயிலில் நடந்த அந்தக் கூட்டத்தில் இஸ்மாயில் ஷம்மூத் என்ற இளைஞரும் இருந்தார். பின்னாளில் ‘எங்கே?’ என்றொரு ஓவியம் தீட்டினார். கந்தல் உடுத்திய கிழவர், தோளில் தூங்கும் குழந்தை, கையைப் பிடித்தபடி அழும் இன்னொன்று, பின்னால் மூன்றாவது. 1953இல் காசாவில் அவர் கண்காட்சி வைத்தபோது, பார்க்க வந்தவர்களில் பலர் அப்படி நடந்து வந்தவர்களே.

நம் மொழியிலும் அந்த நடை உண்டு. ஈழப் போரின் நடுவே, 1995 அக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கிப் போனார்கள். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களைத் தேடிப் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். ஓவியப் பயிற்சி இல்லாத கைகள். விறாந்தை, சாமியறை, கிணற்றடி என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். அவற்றோடு அவர்கள் சொன்ன கதையையும், கட்டடக்கலைஞரின் வரைபடத்தையும், தன் ஓவியத்தையும் சேர்த்து 2011இல் புத்தகமாக்கினார். ‘முடிவுறாத தோம்பு’ என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொல்லலாம். தோம்பு என்பது போர்த்துகீசியரும் டச்சுக்காரர்களும் வைத்திருந்த நிலப் பதிவேடு. ஆள்பவர்கள் வரி வாங்க எழுதிய ஏட்டை, இழந்தவர்கள் உரிமை சொல்ல எழுதியிருக்கிறார்கள். ஈழப் போர் குறித்து வந்த கலைப்படைப்புகளில் இதையே நான் முதலில் வைப்பேன். ரத்தம் காட்டாமல், எந்த இடத்தில் கிணறு இருந்தது என்று மட்டும் சொல்லி நெஞ்சை அடைக்க வைக்கிறது.

லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஈழத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்குள்ள பெரியவர்களிடமும் இந்த வரைபடங்கள் உண்டு, மனசுக்குள். காகிதமும் பென்சிலும் கொடுத்து வரைந்து வாங்கி, திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் ஒரு அறை ஒதுக்கி வைக்க வேண்டும். செப்பேட்டுக்கும் வாளுக்கும் இடமிருக்கும்போது இதற்கும் இருக்கும். 1983இல் இருபது வயதில் படகேறியவர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.