முரசு நோயும் 'இயற்கை வரலாறும்'

பல்நோயின் வரலாற்றை மருத்துவ வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. அது உழைப்பின் வரலாறுமாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கோர்டோபாவின் மருத்துவர் அல்-சஹ்ராவி, பற்களிற் படியும் காரையைச் சுரண்டி அகற்றும் கருவிகளைத் தமது நூலில் வரைந்து காட்டினார். பற்றுப்புரவு நிறுத்தப்படின் முரசு அழற்சியுறும், மீளத் தொடங்கின் அது தணியும் என்பதை 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் நிறுவினர்.

ஆயின், துப்புரவற்றவிடத்து நோய் எவ்வாறு முற்றும் என்பதற்கான சான்று எங்கிருந்து பெறப்பட்டது? 1969இல் ஒஸ்லோவில் ஆராயப்பட்டோர், முறையான பற்சிகிச்சை பெற்ற மாணவரும் கல்விமான்களுமாவர். 1970இல் ஒப்பீட்டுக்குத் தெரியப்பட்டோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேர். அவர்கள் பற்சிகிச்சை கிட்டாதோர். 1986இல் வெளியான முடிவின்படி, அவர்களுள் 8 சதவீதத்தினரிடம் நோய் விரைந்தும், 81 சதவீதத்தினரிடம் மிதமாகவும் முற்றியது. 11 சதவீதத்தினரிடம் ஈறழற்சிக்கு அப்பால் முற்றவில்லை.

இதனையே பல்மருத்துவ நூல்கள் நோயின் 'இயற்கை வரலாறு' என்கின்றன. இங்குதான் நாம் ஐயுற வேண்டியுள்ளது. லயன் அறையும் நாட்கூலியும் சிகிச்சையின்மையும் இயற்கையின் படைப்புக்களல்ல. தோட்டப் பொருளாதாரத்தின் விளைவுகள். சுரண்டு கருவி அம்மக்களை எட்டாமைக்குக் காரணம் அறிவின் குறைபாடன்று, உற்பத்தி உறவுகளே. எனவே, அவ்வெண்களை நாம் சமூக வரலாற்றின் ஆவணமாகவே வாசித்தல் வேண்டும்.