கார் மதிப்புத் தேய்மானம்

கார் மதிப்புத் தேய்மானம் என்பது, ஒரு கார் ஷோரூமை விட்டு வெளியேறிய நாள்முதல் அதன் பணமதிப்பு குறைந்துகொண்டே வருவதைக் குறிக்கும். பெட்ரோல், பழுது, காப்பீடு ஆகியவற்றுக்கான பணம் கையிலிருந்து போகும்போதே தெரிந்துவிடுகிறது. தேய்மானமோ வண்டியை விற்கும் நாளில்தான் தெரியவரும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக் கார் மாற்றுபவர்களுக்குப் பல நேரங்களில் இதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. எஞ்சின் தளர்வதும் டயர் வழுக்கையாவதும் இதில் ஒரு பகுதிதான். ஒரே ஆண்டில், ஒரே ஆலையில் செய்த இரண்டு கார்கள் ஒரே அளவு ஓடியிருந்தும் டெல்லியில் ஒரு விலைக்கும் சென்னையில் வேறு விலைக்கும் போவதுண்டு. பழைய காரின் விலையை அதன் பானட்டுக்குள் தேடுவதைவிட, அன்றைய புதுக் காரின் விலையிலும் அரசின் விதிகளிலும் விற்பவர்மேல் வாங்குபவருக்கு உள்ள நம்பிக்கையிலும் தேடுவதே சரி.

மூன்று கணக்குகள்

இந்தியாவில் ஒரு காருக்கு ஒரே சமயத்தில் மூன்று மதிப்புகள் இருக்கும். முதலாவது வருமான வரிக் கணக்கு. தொழிலுக்காக வாங்கிய காருக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 15 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கலாம். 10 லட்சம் ரூபாய்க் கார் முதலாண்டு முடிவில் 8.5 லட்சமாகவும், இரண்டாம் ஆண்டு முடிவில் 7.22 லட்சமாகவும், ஐந்தாம் ஆண்டு முடிவில் 4.44 லட்சமாகவும் ஏட்டில் இறங்கும். வாடகைக்கு ஓட்டும் காருக்கு விகிதம் 30 விழுக்காடு என்பதால், அதே ஐந்து ஆண்டில் ஏட்டு மதிப்பு 1.68 லட்சமாகிவிடும். வண்டி அந்த அளவுக்கா கெட்டுப்போயிற்று என்று கேட்கக் கூடாது. இது வரிக்கான கணக்கு மட்டுமே.

இரண்டாவது காப்பீட்டுக் கணக்கு. வண்டி திருடுபோனாலோ மீட்க முடியாதபடி நொறுங்கினாலோ நிறுவனம் தரவேண்டிய தொகையை ஐ.டி.வி. என்கிறார்கள். இது தயாரிப்பாளர் பட்டியலிட்ட விற்பனை விலையில் தொடங்குகிறது. பதிவுச் செலவும் காப்பீட்டுக் கட்டணமும் இதில் சேரா. ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு எனக் கழிவு படிப்படியாக ஏறும். ஐந்தாண்டுக்கு மேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்வதுதான் மதிப்பு. சிறு விபத்துகளில் மாற்றும் பாகங்களுக்கும் தேய்மானம் உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயர் ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், கண்ணாடிக்குப் பிடித்தமில்லை. பம்பர் உடைந்தால் பாதிப் பணம் கையிலிருந்து போவதன் காரணம் இதுவே. இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கும் ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் பாலிசி விற்பனையாவதும் இதனால்தான்.

மூன்றாவது சந்தைக் கணக்கு. இதற்கு அட்டவணை இல்லை. அமெரிக்காவில் 1926 முதல் வெளிவரும் கெல்லி புளூ புக் போன்ற விலைக் கையேடுகள் இதற்கொரு ஒழுங்கைத் தர முயல்கின்றன. நம் ஊரில் அந்த வேலையைப் புரோக்கரின் அனுபவமும், அண்மைக்காலமாக இணையதளங்களும் செய்கின்றன.

முதலாண்டுச் சரிவு

சந்தை விலை முதலாண்டில்தான் மிகச் செங்குத்தாக இறங்கும். இதற்கு மிக எளிய காரணம் வரி. வாங்குபவர் கொடுப்பது ஆன்ரோடு விலை; பின்னாளில் விற்பனைப் பேச்சு தொடங்குவதோ ஷோரூம் விலையிலிருந்து. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான கார்களுக்கு 13 விழுக்காடு. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு. இந்த வரியோடு காப்பீடு, சீட் கவர், ஷோரூமில் தலையில் கட்டிய துணைப்பொருள்கள் என்று சேரும். இவற்றில் பெரும்பகுதியை இரண்டாவது உரிமையாளர் தனியாகக் கணக்கிட்டுத் தரமாட்டார்.

இன்னொரு காரணம் சந்தேகம். வாங்கி ஆறு மாதமே ஆன காரை ஒருவர் விற்க வந்தால், எதிரே இருப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி, ‘இவ்வளவு சீக்கிரம் ஏன் தள்ளிவிடுகிறார்?’ என்பதே. இந்தக் கேள்வியைப் பொருளியலாக்கியவர் அமெரிக்கரான ஜார்ஜ் அக்கர்லாஃப். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரியான ஒரு விலையே சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விலகிக்கொள்வார். எஞ்சுவது மோசமான வண்டிகள் என்பதால் சராசரி மேலும் இறங்கும். இதை விளக்கிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவதாக ஒன்று 1970இல் வெளியிட்டது. 2001இல் அக்கர்லாஃபுக்கு வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. சர்வீஸ் பதிவேடு, எஞ்சியிருக்கும் வாரண்டி, 2001இல் மாருதி தொடங்கிய ‘ட்ரூ வேல்யூ’ போன்ற சான்றளித்த விற்பனை நிலையங்கள் எல்லாம் அந்தச் சந்தேகத்தின் விலையைக் குறைக்கும் ஏற்பாடுகளே.

ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பதிவு நாளோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டிசம்பரில் செய்து ஜனவரியில் பதிவான கார், ஒரே மாத இடைவெளியில் ‘ஓராண்டு பழைய மாடல்’ என்ற பேரத்துக்கு ஆளாகும். ஆண்டு இறுதித் தள்ளுபடியில் வாங்குபவர் லாபமென்று நினைக்கும் தொகையில் ஒரு பங்கு, விற்கும்போது இப்படித் திரும்பிப் போகிறது.

கிலோமீட்டர், ஓனர், பெயர்

ஓடிய தூரம் கூடக்கூட விலை குறையும். ஆனால் அது சீராகக் குறைவதில்லை. நிக்கோலா லசெட்டெரா, டெவின் போப், ஜஸ்டின் சிட்னர் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மொத்த ஏலத்துக்கு வந்த 2.2 கோடிக்கும் மேற்பட்ட பழைய கார்களின் விலைகளை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு 10,000 மைலைத் தாண்டும்போதும் விலை 150 முதல் 200 டாலர் வரை சட்டென்று விழுந்தது. 79,900 மைல் ஓடிய காருக்கும் 80,000 மைல் ஓடிய காருக்கும் எஞ்சினில் வேறுபாடு இல்லை. முதல் இலக்கத்தில்தான் வேறுபாடு. இந்த மனப்பாங்கே மீட்டரைத் திருத்தும் மோசடிக்கும் தூண்டுகோல். இயந்திர மீட்டர் போய் டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகும் அது ஒழியவில்லை. நிறுவன சர்வீஸ் மையத்தில் வண்டி எண்ணைச் சொல்லி, ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான கிலோமீட்டரைக் கேட்டு ஒப்பிடுவதே சோதிக்கும் வழி. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் 30,000 காட்டினால் நம்பத் தேவையில்லை.

விளம்பரங்களில் ‘சிங்கிள் ஓனர்’ என்று முதலில் போடுவதற்குக் காரணம் உண்டு, ஆர்.சி.யில் பெயர் ஏற ஏற விலை இறங்கும். டி-போர்டு எனும் வாடகைப் பதிவிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டி, விபத்தில் அடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி ஆகியவற்றுக்கு வெட்டு இன்னும் அதிகம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் ஏராளமான கார்களை நீரில் மூழ்கடித்தன. இப்படி முழுச் சேதம் என்று எழுதப்பட்ட வண்டிகள் கழிவாக ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பனைக்கு வருவது இந்தத் தொழிலின் பழைய நோய். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் வண்டல் கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கினால் துரு தெரியும்.

எந்த நிறுவனத்தின் கார் என்பதும் பெரிய காரணம். பாகங்கள் மலிவாகவும் எந்த ஊர் மெக்கானிக்கிடமும் பழுது பார்க்கக்கூடியதாகவும் இருப்பதால் மாருதியின் சிறு கார்கள் விலையை நன்றாகத் தாங்கி நிற்கின்றன. ஜெர்மன் சொகுசுக் கார்கள் வேகமாக வீழ்கின்றன. பாதி விலைக்கு வாங்கினாலும் பழுதுச் செலவு முழு விலைக்குரியதுதான். நிறுவனமே நாட்டை விட்டுப் போவது இன்னொரு வகை. செவ்ரலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு தன் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது; மறைமலைநகர் ஆலையில் அடுத்த ஆண்டு உற்பத்தி நின்றது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொல்லப்பட்டாலும் பழைய ஃபோர்டுகளுக்குக் கிராக்கி குறைந்தது. இந்த நிலையில் விற்பவருக்கு நட்டம். பாகம் கிடைக்கும் வழி தெரிந்து, நெடுநாள் ஓட்ட வாங்குபவருக்கு அது ஆதாயம்.

விதியும் விலையும்

இந்தியாவில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பதினான்காம் ஆண்டில் விலை சட்டென்று சரிவது இதனால்தான். டெல்லியில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஏற்றது. இதனால் எட்டு, ஒன்பது வயதான டீசல் கார்கள் அங்கே மலிந்தன. தடையின்மைச் சான்று வாங்கி அவற்றைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டுபோய் விற்பது தனித் தொழிலானது. அப்படி வாங்குபவர் தம் மாநில வரியையும் மறுபதிவுச் செலவையும் கூட்டிப் பார்த்தால், கிடைத்த மலிவில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

பழைய காரின் விலை புதுக் காரின் விலையோடு எவ்வளவு நெருக்கமாகக் கட்டுண்டது என்பதற்கு 2025 செப்டம்பர் 22 நல்ல சான்று. அன்றுமுதல் சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காடும் கூடுதல் வரியும் என்ற நிலையிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. 8 லட்சம் ரூபாய்ப் பெட்ரோல் காரில் ஏறத்தாழ 68,000 ரூபாய் இறங்க இது வழிசெய்தது. வீட்டு வாசலில் நின்ற பழைய காரில் ஒரு திருகாணிகூடத் தேயவில்லை. ஆனாலும் அதன் விலையும் இறங்கவேண்டி வந்தது.

மதிப்பு ஏறிய காலங்கள்

புதுக் கார் கிடைக்காத இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தபோது, உடனே கைக்கு வரும் வண்டிக்குப் புது விலையைவிடக் கூடுதலாகத் தர ஆள் இருந்தார்கள். கொரோனா காலத்துச் சிப் தட்டுப்பாடு 2021இல் அமெரிக்காவில் பழைய கார் விலையை உயர்த்தியது. மிகத் தீவிரமான எடுத்துக்காட்டு இலங்கை. டாலர் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. 2022இல் ரூபாயும் சரிந்தது. பல ஆண்டு ஓட்டிய வாகன்-ஆர், விட்ஸ் போன்ற கார்களை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் உண்டு; கார் அங்கே சேமிப்பாகவே மாறியது. 2025 பிப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியபோதும் உயர்ந்த வரிகள் கூடவே வந்ததால் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சிங்கப்பூரில் நேர் எதிர். 1990இல் வந்த முறைப்படி கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று 10 ஆண்டுக்கே செல்லும். அதன் விலை காரின் விலையைவிடவும் அதிகமாக இருப்பதுண்டு. காலாவதி நாள் முன்னரே தெரிந்திருப்பதால், அங்கே பழைய கார் விளம்பரங்களில் ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம் என்ற தொகையையே அச்சிட்டுவிடுகிறார்கள். இந்திய விளம்பரங்களும் இதைப் பின்பற்றலாம்.

மின்சாரக் கார்களின் போக்கு இன்னும் நிலைப்படவில்லை. பேட்டரியின் மிச்ச ஆயுளை வெளியிலிருந்து கணிப்பது கடினம். புது மாடல்களின் விலையும் விரைவாகக் குறைகிறது. 2023இல் டெஸ்லா விலைகளைக் குறைத்த பிறகு, வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் பரவலான வழக்கம். ஆயுள்கால உத்தரவாதம் தரப்பட்டிருந்தால், அது முதல் உரிமையாளரோடு நின்றுவிடுகிறதா என்று இரண்டாம் கை வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைமாற்றம்

தனியார் ஒருவர் மற்றொருவருக்குத் தன் காரை விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. வணிகர் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும் 18 விழுக்காடு. தேய்மானம் கழித்துவந்த பதிவுபெற்ற நிறுவனமென்றால் ஏட்டு மதிப்புக்கு மேல் கிடைத்த தொகைக்கு வரி. மேலே சொன்ன 4.44 லட்சக் கார் 5 லட்சத்துக்குப் போனால் வரி சுமார் 10,000 ரூபாய்.

பேரம் படிந்து பணம் வந்ததும் வேலை முடிந்தது என்று விற்பவர் நினைப்பது ஆபத்து. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 அதற்கானவை. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே விற்பனை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.